எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறாள்?

எங்கள் தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அங்கிள், தலையில இன்னா அது?" என்பதுதான். ஒருவன் ப்ளூடூத் என்பான். ஒருத்தி, "இல்லடா, பேட்டரி. அத்த எடுத்துட்டா அங்கிள் நின்னுடுவாரு" என்பாள். நான் பத்தாவது வரை படித்தவன். வில்லியனூரில் ஒரு கடையில் பம்புசெட் மோட்டாருக்குள் இருக்கிற செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, கட்டுவது என் வேலை. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால், எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

காய்ச்சல் வந்து விட்டுப்போன மறுநாள் காலையில் என் வலது காது செத்துப்போனது. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பிரஷ் தேய்கிற சத்தம் தலைக்குள் இடது பக்கம் மட்டும் கேட்டது. வலது பக்கப் பல்லைத் தேய்த்தேன். அப்போதும் இடது பக்கம்தான் கேட்டது. என்னடா இது என்று விரலை விட்டு ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. அந்தக் காது திரும்பவில்லை.

ஒரு காது போனால் பாதிச் சத்தம்தான் கேட்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தப்பு. ஒரு காதே போதும், வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும். போவது என்ன தெரியுமா? திசை. சத்தம் கேட்கும், எங்கேயிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. நீங்கள் வேண்டுமானால் கண்ணை மூடி, ஒரு காதை விரலால் அழுத்தி அடைத்துக்கொண்டு, யாரையாவது நடந்துகொண்டே கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் அம்மா கண்முன்னால் நிற்கும்போதே நீங்கள் அலமாரியைப் பார்த்து "இன்னாம்மா?" என்பீர்கள்.

என் வீட்டில் தினமும் இந்தக் கூத்துதான். என் மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். நான் தெருவைப் பார்த்து, "இதோ வரேன்" என்று கத்துவேன். ஒருநாள் அப்படிக் கத்தியதும் தெருவில் போய்க்கொண்டிருந்த மீன்காரம்மா நின்று, கூடையையே இறக்கிவிட்டார். "சீக்கிரம் வா ராஜா, வெயிலு ஏறுது" என்றார். வாங்கும் எண்ணமே இல்லை. என்ன செய்வது, அன்றைக்கு மத்தி மீன் குழம்பு. போன் அடித்தால் இன்னும் மோசம். தலையணைக்கு அடியில் தேடுவேன், அரிசி டின்னுக்குப் பின்னால் தேடுவேன், கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய்த் தேடுவேன். அது என் சட்டைப் பையில் அடித்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாமல் போனது பொங்கலுக்குத்தான்.

எங்கள் ஊர் ஒதியம்பட்டுப் பக்கம். பொங்கலன்று மாதா கோயில் மைதானத்தில் பானை உடைக்கிற போட்டி நடக்கும். மற்ற ஊர்களில் ஒரு ஆள் கண்ணைக் கட்டிக்கொண்டு உடைப்பார். எங்கள் ஊரில் இரண்டு பேர், ஒரு ஜோடி. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் பானைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட வேண்டும். இடம், வலம் எதுவும் சொல்லக் கூடாது. அடிப்பவரை என்ன முறை சொல்லி அழைப்பாரோ அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லலாம். அடிப்பவர் விலகிப் போனால், கூப்பிடுகிறவர் ஓடிப்போய், பானை எப்போதும் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும்படி நின்றுகொள்ள வேண்டும். அந்தக் குரலை நோக்கி நடந்தால் நடுவில் பானை வந்தே தீரும். பானையை அடிக்காமல் அதற்கு அந்தப் பக்கம் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டினால் நீண்ட விசில் அடித்து அவுட் சொல்லிவிடுவார்கள். சுற்றி நிற்கிற ஊர்ஜனம் என்ன பொய் வேண்டுமானாலும் கத்தலாம். கத்த வேண்டும். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரே அன்றைக்கு மட்டும் மைக்கில் பொய் சொல்லுவார்.

காது போன வருஷம் நானும் என் மகளும் ஜோடி சேர்ந்தோம். அவளுக்கு அப்போது எட்டு வயது. "அப்பா... அப்பா..." என்று கூப்பிட்டாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. தெம்பாக நடந்தேன். நடந்து, நடந்து, நின்று, தடியை ஓங்கி ஒரே போடு போட்டேன். கை அதிர்ந்துபோயிற்று. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால் எதிரில் கோயிலின் மதில் சுவர். அவள் எனக்கு நேர் பின்னால், மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் கூப்டது உனுக்குக் கேக்கலியாப்பா?" என்றாள்.

கேட்டது கண்ணு, எங்கேயிருந்து என்றுதான் தெரியவில்லை. இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

அதற்கப்புறம்தான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி உள்காது வரை போகிறது. வெளியே காதுமேல் மாட்டுகிற மிஷின் ஒன்று. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு காயில். அதில் காந்தம் இருக்கிறது. தலைக்குள்ளேயும் காந்தம் இருக்கிறது. கிட்டே கொண்டுபோனால் டப்பென்று தலையில் ஒட்டிக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் காயில் கட்டியவன் தலையிலேயே காயில் ஏறிவிட்டதென்று கடையில் ஒரு வாரம் கேலி.

புண் ஆறி முதல்முதலாக மிஷினைப் போட்ட நாளில், பயிற்சி கொடுக்கிற மேடம் என் நல்ல காதை அடைத்துவிட்டு, "இப்ப எப்படிக் கேக்குது?" என்றார்.

எப்படிச் சொல்வது? தகர டப்பாவுக்குள் ஒரு வாத்தை அடைத்து அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. மேடம் பேசினாலும் வாத்து. என் மனைவி பேசினாலும் வாத்து. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள், இரண்டு வாத்துகள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மனைவி பயந்துபோய் மேடத்தைப் பார்த்து, "மூளையில ஏதாவது பட்டுட்ச்சாம்மா?" என்றாள்.

மூளை பழகிக்கொள்ளும், நாள் முழுக்கப் போட்டிருங்கள் என்று மேடம் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், நான் போடவில்லை. கடையில் கிரைண்டர் ஓடும்போது ஒரு ஆயிரம் வாத்து. பேருந்தில் ஏறினால் வாத்துப் பண்ணை. காந்தம் வேறு, குனிந்தால் மோட்டார் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பாதி நாள் மிஷின் அதன் டப்பாவிலேயே தூங்கியது.

மார்கழி பிறந்ததும் என் மகள், "இந்த வருசம் நான் மாமா கூட ஆடிக்கறேம்பா" என்றாள். மாமா என்று அவள் சொன்னது என் மனைவியின் தம்பியை. வருஷாவருஷம் பானை உடைக்கிற ஆள். அவள் மேல் தப்பே இல்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை எனக்குக் கூப்பிடு" என்றேன்.

அவள் யோசித்தாள். "மறுபடியும் சுவத்த அடிச்சா?"

"அடிச்சா அடுத்த வருசத்துலேர்ந்து மாமா கூடத்தான். நானும் இந்த மிஷின டப்பாவுல வெச்சி மூடிடறேன். ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டேன்."

என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "மிஷின டப்பாவுல வெச்சிடுவ. மண்டைக்குள்ள வெச்சாங்களே, அத்த எந்த டப்பாவுல வெப்ப?" என்றாள். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மகள் கூப்பிடுகிற திசையைக் கூடக் காட்டாத மிஷின் எனக்கு எதற்கு?

மறுநாளிலிருந்து பயிற்சி. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும், தோட்டத்துப் பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மகள் எங்கேயாவது போய் நின்று கூப்பிடுவாள். முதல் நாள் துணிக்கொடியில் விழுந்து, துவைத்துப் போட்ட புடவையோடு உருண்டேன். இரண்டாம் நாள் கோழிக் கூண்டுக்குள் கையை விட்டேன். கோழிகளுக்கு அதிலிருந்து என்னைக் கண்டாலே ஆகாது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு வேலியில் ஏறப்போய், அந்த வீட்டு அம்மா, "இன்னாண்ணே, பொழுது போறதுக்குள்ளயே திருட வரீங்களா?" என்றார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒருநாள் சலித்துப்போய் நின்ற இடத்திலேயே தலையை மட்டும் மெல்லத் திருப்பினேன். அவள் "அப்பா" என்றாள். இடது காதில் அது என் மகள். வலது காதில் அது வாத்து. கொஞ்சம் திருப்பினேன். மகள் பெரிதானாள், வாத்து சின்னதானது. இந்தப் பக்கம் திருப்பினேன். வாத்து பெரிதானது, மகள் சின்னதானாள். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. இரண்டும் சமமாகிற இடம் ஒன்று இருக்க வேண்டுமே! மெல்ல, மெல்லத் திருப்பினேன். ஒரு இடத்தில் வாத்தும் மகளும் ஒன்றுக்குள் ஒன்று போய், நெற்றிக்கு நேராக ஒரே "அப்பா" ஆனது.

கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். அவள் மூக்கில் என் விரல் குத்தியது.

"அய்யோ, வலிக்குதுப்பா!" என்று கத்தினாள். நான் கண்கட்டோடு குதித்தேன். மறுபடி கூப்பிடச் சொன்னேன். மறுபடி கோழிக் கூண்டுக்குத்தான் போனேன். மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் சரியாக வந்தது. ஆனால் வந்தது. அன்றிலிருந்து மிஷினைக் கழற்ற எனக்கு மனசே வரவில்லை.

பொங்கல் வந்தது. மைதானத்தில் நல்ல கூட்டம். ஸ்பீக்கரில் உபதேசியார், "போன வருசம் சுவத்தோட சண்ட போட்ட நம்ம அண்ணன் இந்த வருசமும் வந்துக்கிறாரு. சுவரு பக்கத்துல நிக்கறவங்க தள்ளி நில்லுங்க" என்றார். ஒரே சிரிப்பு. என் மகள் பானைக்கு அந்தப் பக்கம் போய், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணைக் கட்டுகிற வேலை என் மைத்துனனுக்கு. அவன் கையில் ஒரு இரும்புக் காப்பு. துண்டை என் தலையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான். முடிச்சுக் காயிலில் இடித்து அதைப் பிடுங்கியது. பிடுங்கின காயில் சும்மா தொங்கியிருக்கலாம். போய் அவன் காப்பில் டப்பென்று ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அது தெரியாது. முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்தான். ஒயரோடு மிஷினும் காதிலிருந்து கழன்று அவன் கையோடு போய்விட்டது.

பார்த்தவனுக்கு உயிரே போயிருக்கும். "அய்யோ மாமா! காது கழண்டு வந்துட்ச்சி!" என்று மைக்குப் பக்கத்திலேயே நின்று அலறினான்.

மைதானம் அப்படியே அடங்கியது. "மாதாவே!" என்று யாரோ ஒரு அம்மா குரல் கொடுத்தார். நான் கண்கட்டோடு கையை நீட்டி, "ஒண்ணும் ஆவல, குடுடா அத்த" என்றேன். அவன் காப்பிலிருந்து பிய்த்துக் கொடுத்தான். நான் காதில் மாட்டி, துண்டுக்கு மேலே காயிலை வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. துண்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி ஒட்டினேன். டப். மறுபடி வாத்துகள் வந்தன. மைத்துனன் என்னை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "மாமா, பாத்து" என்று அழாத குறையாகச் சொன்னான்.

விசில் அடித்தது. இங்கேதான் பிள்ளைகளே, எங்கள் ஊர் வரலாற்றில் நடக்காதது நடந்தது. காது கழன்று விழுந்த மனுஷனிடம் எப்படிப் பொய் சொல்வது என்று ஊருக்கே இரக்கம் வந்துவிட்டது. எல்லாரும் ஒரே குரலாக உண்மையைக் கத்த ஆரம்பித்தார்கள்.

"சோத்தாங்கை பக்கம் போண்ணே!"

"வலது பக்கம் திரும்பு மாமா, வலது பக்கம்!"

"சத்தியமா சொல்றோம், சோத்தாங்கை பக்கம்!"

அந்தக் கூச்சலில் என் மகளின் குரல் அமுங்கிப்போனது. அவர்கள் சொல்வது உண்மையென்று எனக்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், பானை உடைக்கும்போது இந்த ஊரில் ஒருத்தர் வாயிலும் உண்மை வந்ததில்லை. ஏமாறுவேனா நான்? அவர்கள் வலது என்றார்கள், நான் இடது பக்கம் நடந்தேன். இன்னும் கத்தினார்கள். எவ்வளவு கூட்டாகப் பொய் சொல்கிறார்கள் பார் என்று சிரித்துக்கொண்டே வேகமாக நடந்தேன். "உண்மையத்தான்யா சொல்றோம்!" என்று உபதேசியார் மைக்கில் கதறினார். அவர் சொன்னதும் எனக்கு முழு நிச்சயமாகிவிட்டது.

திடீரென்று முகத்தில் வெப்பம் அடித்தது. நாள் முழுக்க வெயில் குடித்த சுவர். கையை நீட்டினேன். சுண்ணாம்பு கையில் ஒட்டியது. அதே மதில் சுவர்தான்.

கூட்டம் வாயை மூடிக்கொண்டது. சிரிக்கக் கூட யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. முடிந்தது, மிஷின் டப்பாவுக்குப் போகிறது, அடுத்த வருஷம் அவள் மாமாவோடு ஆடுவாள் என்று நினைத்தேன்.

அந்த அமைதியில் அவள் கூப்பிட்டாள். "அப்பா."

இடது காதில் மகள். வலது காதில் வாத்து. சுவரைப் பார்த்தபடியே தலையைத் திருப்பினேன். வாத்து பெரிதானது. இன்னும் கொஞ்சம். "அப்பா." உடம்பையும் சேர்த்துத் திருப்பினேன். சுவரின் சூடு முகத்திலிருந்து தோளுக்குப் போய், முதுகுக்கு வந்தது. "அப்பா." மகள் கொஞ்சம், வாத்து கொஞ்சம். "அப்பா." நெற்றிக்கு நேராக, ஒரே குரல்.

நடந்தேன். ஊர்ஜனம் மறுபடி ஆரம்பித்தது. "பானை! பானை அந்தாண்ட கீது!" "எங்கய்யா போற? பானைண்ணே, பானை!" எனக்கு அது எதுவும் வேண்டியதில்லை. அவள் குரல் கொஞ்சம் விலகினால் தலையை ஆட்டி நடுவில் கொண்டுவந்தேன். ஓட்டைச் சைக்கிளை நேராக ஓட்டுவது மாதிரி, ஆடி ஆடி, ஆனால் நேராக. தடி கையில் இருப்பதே மறந்து தரையில் இழுபட்டது. நீண்ட விசில் ஒன்று கேட்டது. நிற்கவில்லை. நீட்டின கை ஒரு தலையில் பட்டது. இரட்டைச் சடை, ரிப்பன்.

"அப்பா," என்றாள், இப்போது என் வயிற்றுக்குப் பக்கத்திலிருந்து. "பானைய வுட்டுட்டு வந்துட்டப்பா."

கண்கட்டை அவிழ்த்தேன். பானை இடது பக்கமாக எங்கேயோ தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அதன் பக்கமே போகவில்லை. கோட்டைத் தாண்டிவிட்டேன், அவுட்.

"நீ நவுந்திருக்கணும்ல கண்ணு? பானை நடுவுல வர மாதிரி ஓடணும்ல?"

"ஓடணும்னுதான் இருந்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் விக்கலும் சேர்ந்து வந்தன. "ஆனா நீ நேரா என்னைப் பாத்தே வந்துட்டு இருந்தியா... நவுந்தா தப்பாப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சி. அதான் அப்படியே நின்னுட்டேன்."

அப்புறம் மைதானத்தில் பெரிய சண்டை. என் மனைவி உபதேசியாரிடம் போய், "ஒரு அடி குடுக்கணுமில்ல? அவரு இன்னும் அடிக்கவே இல்லியே" என்றாள். உபதேசியார், "கோட்டத் தாண்டியாச்சும்மா" என்றார். "சுவத்த அடிச்சத போன வருசம் கணக்குல எடுத்துக்கினீங்க. இந்த வருசம் சுவத்த அடிக்காம வந்தாரே, அதுக்கு மார்க் இல்லியா?" என்று கேட்டாள். உபதேசியார் மைக்கை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மைத்துனன் அடுத்த சுற்றில் வழக்கம்போலப் பானையை உடைத்து, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வாங்கிக்கொண்டு போனான். காப்பை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தான்.

எனக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. என் மகள் பின்னாலிருந்து என் கண்ணைப் பொத்தி, "அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். கண்ணைத் திறக்காமல் நின்றேன். "அப்பா!" என்றாள். கையைக் காட்டினேன். "கரெக்ட்டு!" என்று கத்தினாள். அடுத்து அவளுடைய சிநேகிதி, "அங்கிள், நான் எங்க?" என்றாள். காட்டினேன். தப்பு. நான் காட்டியது ஐஸ் வண்டியையாம். அதற்குள் நாலு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அப்புறம் பத்து. மைதானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் "அங்கிள்! அங்கிள்!" என்று வாத்துகள் கத்தின. நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, காற்றாடி மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கையை நீட்டினேன். தப்பினால் ஓவென்று கூச்சல், சரியானால் அதைவிடப் பெரிய கூச்சல். தலை கிறுகிறுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"போதும்டி, அப்பாவுக்கு மயக்கம் வந்துடும்" என்று என் மனைவி சொல்வது கேட்டது.

வலது பக்கமிருந்து. கொஞ்சம் பின்னால்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன்.